குவில்ட் தைக்க மிஷின்: எந்த வசதி கை கொடுக்குது, எது சும்மா கிடக்குது?

வெள்ளூசி
குவில்ட்டுக்கு (துண்டுத்துணிகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி என்று மூன்றடுக்காகத் தைக்கும் போர்வை) மிஷின் தேடினால் முதலில் கண்ணில் படுவது "200 தையல், 300 தையல்" என்கிற எண்தான். ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: எது இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும், எதைத் தொடுவதே இல்லை? சொந்தக் கதை வேண்டாம், அளவும் காரணமும் போதும்.

காலின்ச்
தையல் எண்ணிக்கையை மறந்துவிடலாம். நேர்த்தையல், ஜிக்ஜாக், அப்ளிக்குக்கு (துணியில் வெட்டிய உருவத்தை மேலே வைத்துத் தைப்பது) ஓரத்தைப் பிடிக்கும் ஒரு பிளாங்கெட் ஸ்டிச், இந்த மூன்று போதும். பிளாங்கெட் ஸ்டிச்சின் அகலத்தையும் நீளத்தையும் 2 மி.மீ. வரை குறைக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். நிலையான அளவில் பூட்டி வைத்திருந்தால் சின்னப் பூ இதழில் அது ஏணி மாதிரி நிற்கும்.

துண்டுகளை இணைக்கும் வேலையில் எல்லாமே துணி ஓரத்திலிருந்து கால் இன்ச் உள்ளே தைக்கும் துல்லியத்தில் இருக்கிறது. ஒரு வரிசையில் 8 துண்டு, நடுவே 7 தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல் 1/16 இன்ச் உள்ளே தள்ளிப் போனால் இரண்டு பக்கத் துண்டிலும் அவ்வளவு போகும், அதாவது ஒரு தையலுக்கு 1/8 இன்ச். வரிசை முடியும்போது 7/8 இன்ச் காணாமல் போயிருக்கும், பக்கத்து வரிசையோடு மூலை சேராது.

சோதிக்க: 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை இணைத்து அயர்ன் செய்து அளங்கள். மொத்தம் 3½ இன்ச், நடுப்பட்டை சரியாக 1 இன்ச் வரணும். குறைந்தால் கால் இன்ச்சுக்கு ஒரு தையல் நூலின் கனம் மட்டும் குறைவாகத் தையுங்கள், மடிப்பு தின்னும் துணி அதில் சரியாகிவிடும். ஊசியை வலம் இடமாக நகர்த்தும் வசதி இங்கேதான் உதவும்.

ஒரு எச்சரிக்கை. 9 மி.மீ. அகலத் தையல் போடும் மிஷின்களில் அடியில் துணியைத் தள்ளும் பல்வரிசையும் அகலம். கால் இன்ச் ஃபுட் (துணியை மேலிருந்து அமுக்கும் பாதம்) குறுகலாக இருப்பதால் வலப்பக்கப் பல் துணியைச் சரியாகப் பிடிக்காது, துணி கோணிக்கொண்டு ஓடும். முக்கோண நுனிகள் அகலத் துளைக்குள் இழுபட்டுச் சிக்கும். ஒற்றைத் துளை உள்ள நேர்த்தையல் தட்டு போட்டால் இழுப்பு நிற்கும். ஆனால் அதைப் போட்டபிறகு ஊசியை நகர்த்தினாலோ ஜிக்ஜாக் வைத்தாலோ ஊசி தட்டில் இடித்து முறியும். தட்டு இருப்பதை உணர்ந்து ஜிக்ஜாக்கைத் தடுக்கும் மிஷின்களும் உண்டு, கேட்டு வாங்குங்கள். தட்டு இல்லாவிட்டால் முதலில் ஒரு கழிவுத் துணியில் நாலு தையல் ஓடவிட்டு, நூலை வெட்டாமல் அதன் பின்னாலேயே முக்கோணத்தை நுழைத்தால் போதும்.

ஒட்டுத்துணி
துண்டு இணைப்பதற்கும் மூன்றடுக்கைச் சேர்த்துத் தைப்பதற்கும் தேவை வேறு வேறு. இரண்டாவதற்கு முதல் கேள்வி, ஊசியிலிருந்து வலப்பக்கத் தூண் வரை எவ்வளவு இடம்? சாதாரண வீட்டு மிஷினில் 6 முதல் 7 இன்ச். குவில்டிங்குக்கென்று வருவதில் 8½, 9, 11 இன்ச்.

60 இன்ச் அகலக் குவில்ட்டின் நடுவைத் தைக்கும்போது 30 இன்ச் துணியும் பஞ்சும் சுருட்டப்பட்டு அந்த இடைவெளிக்குள் கிடக்கும். 6½ இன்ச்சில் அது கல் உருளை மாதிரி அடைத்துக்கொள்ளும். கை தள்ளும், துணி நகராது, தையல் குட்டையாகி ஓரிடத்தில் முடிச்சாகும். பலர் இதை டென்ஷன் (நூல் இறுக்கம்) கோளாறு என்று நினைத்துத் திருகை முறுக்குவார்கள். காரணம் இழுவைதான். விளம்பரத்தில் போட்டிருக்கும் நீளத்தை நம்பாமல் நீங்களே டேப் வைத்து அளங்கள். மிஷினின் மேல்கைக்கு அடியில் உள்ள உயரத்தையும் சேர்த்து அளங்கள், அதை யாரும் எழுதுவதில்லை.

பெரிய மிஷினுக்கு வழியில்லையென்றால் குவில்ட்டைப் பகுதி பகுதியாகத் தைத்துப் பிறகு இணைக்கலாம். எக்ஸ்டென்ஷன் டேபிளை விட்டுவிடாதீர்கள். மேசையும் மிஷின் தட்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் தொங்கும் துணியின் பாரம் ஊசியை இழுக்காது.

நடைப்பாதம்
அடுத்தது துணியை மேலிருந்தும் தள்ளும் ஏற்பாடு. சாதாரண ஃபுட்டில் அடித்துணியைப் பல் தள்ளும், மேல்துணி ஃபுட்டுக்கு முன்னால் அலையாகக் குவியும், கடைசியில் ஒரு மடிப்பாக விழும். வாக்கிங் ஃபுட் மேலேயும் பல் வைத்து இரண்டையும் ஒன்றாக நகர்த்தும். உள்ளேயே பொருத்திய டூயல் ஃபீட் இன்னும் வசதி, பார்வையை மறைக்காது. ஆனால் தனியாக வாங்கும் நல்ல வாக்கிங் ஃபுட்டிலேயே முக்கால்வாசி வேலை நடக்கும்.

வாங்கும் முன் மிஷின் லோ ஷேங்க்கா ஹை ஷேங்க்கா (ஃபுட்டை மாட்டும் தண்டு குட்டையா உயரமா) என்று தெரிந்துகொள்ளுங்கள், மாறினால் பொருந்தாது. மாட்டும்போது அதன் கவைக்கை ஊசித் திருகின் மேல் உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் மேல்பல் அசையாது, மாட்டியும் மாட்டாத மாதிரிதான். பெரும்பாலானவை முன்னோக்கித்தான் சரியாக ஓடும், ரிவர்ஸ் எடுத்தால் துணி சுருளும். தொடக்கத்தில் ரிவர்ஸுக்குப் பதில் 1 மி.மீ. அளவில் ஆறேழு குட்டித் தையல் போடுங்கள். பிறகு 3 மி.மீ., தடித்த பஞ்சென்றால் 3.5. ஃபுட் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் அதையும் ஒரு படி தளர்த்துங்கள். இந்தத் திருகு இல்லாத மிஷின்கள் நிறைய. அந்தக் குறை மூன்றடுக்கில்தான் தெரியும்.

சுழல்நூல்
ஃப்ரீ மோஷன் (பல் தள்ளாமல் கையாலேயே துணியை நகர்த்தித் தைப்பது) பற்றி யாரும் பேசவில்லையே. அடிப்பல்லை இறக்கும் லீவர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பல்லை மூடும் தட்டு போட்டோ தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்தோ சமாளிக்கலாம். வேலை முடிந்து லீவரை ஏற்றியதும் பல் உடனே எழும்பாது. பல மிஷின்களில் கைச்சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால்தான் மேலே வரும். தெரியாதவர்கள் பழுது என்று நினைத்துவிடுவார்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது, வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கும் ஸ்லைடர். கால் எவ்வளவு அமுக்கினாலும் மிஷின் அதைத் தாண்டாது, கவனம் முழுக்கக் கையில் இருக்கும். ஊசி கீழே நிற்கும் வசதியும் அப்படித்தான். கையை மாற்றிப் பிடிக்கும்போது துணி நழுவாது.

வளைவுகளில் அடிப்பக்கம் கண்ணிமை மயிர் மாதிரி நூல் நீட்டிக்கொண்டிருந்தால், அங்கே கை வேகம் மிஷின் வேகத்தை மிஞ்சிவிட்டது. வளைவில் கையை மெதுவாக்குங்கள், அதற்குப் பிறகும் இருந்தால் மேல் டென்ஷனை அரைப் படி கூட்டுங்கள். 90/14 டாப்ஸ்டிச் ஊசி போடுங்கள், மெல்லிய ஊசி வளைந்து தையலைத் தவறவிடும். அடியில் கொத்துக் கொத்தாக நூல் சேர்ந்தால் அது வேறு விஷயம்: ஃபுட்டை இறக்கிய நிலையில் நூல் கோத்திருப்பீர்கள், டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்கார்ந்திருக்காது.

வெள்ளூசி
தானியங்கி நூல் வெட்டி?

சுழல்நூல்
மூன்றடுக்கில் தொல்லை. நூலின் வாலை மிகக் குட்டையாக வெட்டும், ஊசியில் கோத்து உள்ளே புதைக்க முடியாது. பாபின் நூலை (அடிநூலை) மேலே இழுத்து வைத்துத் தொடங்குவதும் போச்சு.

காலின்ச்
இணைப்பு வேலையிலும் பெரிசா தேவையில்லை. துண்டுகளை வெட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் நூல் வெட்டிக்கு வேலையே இல்லை. அந்தக் காசு முழங்காலால் ஃபுட்டைத் தூக்கும் நீ லிஃப்டருக்குப் போகட்டும், இரண்டு கையும் துணியிலேயே இருக்கும்.

பழைய இரும்பு
பாபின் தீர்வதை அறிவிக்கும் சென்சார் பற்றி ஒரு வார்த்தை. பஞ்சுத் தூசி படிந்தால் பொய் சொல்லும். இரண்டு மூன்று பாபினுக்கு ஒருமுறை தட்டைக் கழற்றி பிரஷ்ஷால் எடுங்கள். காற்று ஊதாதீர்கள், தூசி இன்னும் உள்ளே போகும். ஐந்தாறு பாபினை முன்கூட்டியே சுற்றி வைத்தால் சென்சாரே வேண்டாம்.

இணைப்பு வேலை மட்டும்தான் என்றால் நேர்த்தையல் மட்டுமே போடும் பழைய மிஷின் போதும். 1933-இல் வந்த சிங்கர் 221 ஃபெதர்வெயிட்டைக் குவில்ட் தைப்பவர்கள் இன்றும் தேடுவது அதன் சின்னத் துளைக்கும் நேரான தையலுக்கும்தான். சுமார் 5 கிலோதான், கையில் எடுத்துப் போகலாம். பல்லை இறக்க முடியாது, உள்ளிடமும் குறுகல், அதனால் மூன்றடுக்குக்கு அதை நம்பாதீர்கள்.

ஒட்டுத்துணி
கடைக்குப் போகும்போது அவர்கள் தரும் விறைப்பான மாதிரித் துணியில் தைக்காதீர்கள். அதில் எந்த மிஷினும் அழகாகத் தைக்கும். 12 இன்ச் சதுரத்தில் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் பின் குத்தி எடுத்துப் போங்கள். மேல்துணியில் நாலைந்து தையல்கள் சந்திக்கும் தடித்த மூலை ஒன்று இருக்கட்டும். அந்த மூலையை மிக மெதுவான வேகத்தில் கடக்கவிடுங்கள். ஊசி தயங்கினாலோ தையல் குட்டையானாலோ வேறு மிஷின் பாருங்கள். அடுத்து ஒரு இன்ச் இடைவெளியில் ஐந்து கோடுகள், ஒன்று மேலிருந்து கீழே, அடுத்தது கீழிருந்து மேலே. நடுவில் துணி சாய்வாக இழுபட்டிருந்தால் இரண்டு அடுக்கும் ஒன்றாக நகரவில்லை. கடைசியில் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள், மிஷின் ஒளிக்கிறதெல்லாம் அங்கேதான் இருக்கும்.