ஸ்வீடனில் சம்பளத்தில் பாதி வரிக்கே போகிறதா?

வடதுருவம்:
பக்கத்து விவாதத் திரியில் ஒருவர், "ஸ்வீடனுக்கு வேலைக்குப் போகாதீர்கள், சம்பளத்தில் பாதி வரிக்கே போய்விடும்" என்று அடித்துவிட்டிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டாக்ஹோமில் மாதம் 40,000 குரோனார் (ஸ்வீடன் பணம்) வாங்குகிறவருக்கு வரி போக ஏறத்தாழ 31,000 கையில் வரும். இதுவா பாதி? நகராட்சி, மாவட்ட வரி இரண்டும் சேர்ந்து சுமார் 30 சதவீதம். உழைப்பவர்களுக்கு 2007 முதல் தனி வரிக் கழிவும் உண்டு. மத்திய அரசின் 20 சதவீத வரி, சம்பளம் மாதம் ஐம்பதாயிரத்துக்கும் மேலான ஒரு வரம்பைத் தாண்டினால்தான், அதுவும் தாண்டிய பணத்துக்கு மட்டும்.

கணக்குப்பிள்ளை:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். சம்பளத்துக்கு மேல் முதலாளி அரசுக்குக் கட்டும் 31.42 சதவீதத்தை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? உங்களுக்கு 40,000 கொடுக்க முதலாளிக்கு 52,500க்கு மேல் செலவு. அந்தப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் யார் உழைத்த காசு?

வடதுருவம்:
அது முதலாளி கட்டும் சமூகக் கட்டணம். அந்த 31.42ல் 10.21 புள்ளி முதுமை ஓய்வூதியத்துக்கு. உடம்புக்கு முடியாமல் படுத்தால் வரும் பணமும், பிள்ளை பிறந்தால் பெற்றோர் இருவருக்கும் சேர்த்துக் கிடைக்கும் 480 நாளும் அதிலிருந்துதான். சரி, உங்கள் கணக்குக்கே வருகிறேன். 52,500ல் 31,000 கையில் நின்றால் போனது 41 சதவீதம். பாதி எங்கே ஐயா?

கணக்குப்பிள்ளை:
கடையில் 25 சதவீத மதிப்புக்கூட்டு வரி கட்டுவதில்லையா? அதையும் சேருங்கள், பாதி வந்துவிடும். இன்னொன்று. அந்த 31.42ல் 11 புள்ளிக்கு மேல் பொது ஊதியக் கட்டணம். அதற்கு ஈடாக உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது, நேராகக் கஜானாவுக்குப் போகிறது. அதைச் சொல்ல மட்டும் வாய் வராது.

வடதுருவம்:
சாப்பாட்டுக்கு அதைவிடக் குறைந்த வரி, வீட்டு வாடகைக்கு அந்த வரியே இல்லை. சம்பளத்தில் பாதி என்று ஆரம்பித்துவிட்டு இப்போது மளிகைக் கடைக்குள் நுழைகிறீர்கள். டென்மார்க் திரியிலும் இதே வேலைதான் செய்தீர்கள்.

மழைக்காகம்:
எங்கள் பெண்ணின் பாலர் பள்ளிக்குக் கட்டண உச்சவரம்பே மாதம் சுமார் 1,700 குரோனார்தான். அதைக் கணக்கில் சேர்க்க ஒருவரும் இல்லையா?

ஏரிக்கரை:
பாலர் பள்ளி இருக்கட்டும், வீடு? ஸ்டாக்ஹோமில் வாடகை வீட்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்க வேண்டும். நான் இன்னொருவர் எடுத்த வீட்டில் உள்வாடகைக்கு இருக்கிறேன், 14,000 அதற்கே போகிறது. 31,000 என்று பெருமை பேசுகிறவர்கள் சொந்த வீட்டில் இருப்பவர்கள்.

வடதுருவம்:
என் வீட்டை ஏன் இழுக்கிறீர்கள்? வாடகை வரியா? இங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாது, தெரியுமா? துப்புரவு வேலை செய்கிறவருக்கும் தொழிற்சங்க ஒப்பந்தம்தான் கூலியை நிர்ணயிக்கிறது. வருடத்தில் 25 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்பது சட்டம். தொழிலாளிக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
விடுப்பைப் பற்றி யார் கேட்டது? 31.42 யார் பணம்? ஒரு வரியில் பதில் சொல்லுங்கள்.

வடதுருவம்:
மேலே சொல்லியாயிற்று. 41, பாதி இல்லை.

கணக்குப்பிள்ளை:
நான் சதவீதம் கேட்கவில்லை, யார் பணம் என்று கேட்டேன்.

ஏரிக்கரை:
மால்மோ நகரத்தில் வாடகை எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.