மாற்றுத்திறனாளியான உங்களிடம் "எனக்கும் அப்படித்தான்" என்று சொன்னவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வெண்கோல்:
எங்கள் அரசு அலுவலகத்தில் போன டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளன்று, எல்லோர் கண்ணிலும் கறுப்புத் துணியைக் கட்டி வராந்தாவில் நடக்கவிட்டார்கள். நாற்காலியில் இடித்துக்கொண்டும் சுவரைத் தடவிக்கொண்டும் ஐந்து நிமிடம். துணியை அவிழ்த்ததும் மேலதிகாரி என் கையைப் பிடித்து, "உங்கள் கஷ்டம் இன்றைக்குத்தான் புரிந்தது சார்" என்றார். குரல் தழுதழுத்தது. நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குக் கிடைத்தது, பார்வை போன முதல் ஐந்து நிமிடம். நானோ பிறவியிலேயே பார்வையற்றவன். படிக்கட்டு எங்கே தொடங்குகிறது என்பதைக் கோல் தட்டும் ஓசையே எனக்குச் சொல்லிவிடும். கணினியில் திரைவாசிப்பான் எனக்குப் படிக்கிற வேகத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. கண்ணைக் கட்டிக்கொண்டவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அடுத்த வாரமே வெளியூர் ஆய்வுப் பணிப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார். "உங்களை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்?" என்றார்.

அமெரிக்காவில் ஏரியல் சில்வர்மன் என்ற ஆய்வாளர், அவரும் பார்வையற்றவர், இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார். கண்ணைக் கட்டி நடந்து பார்த்தவர்கள், பார்வையற்றோரால் வேலை செய்யவும் தனியாக வாழவும் முடியும் என்பதை மற்றவர்களைவிடக் குறைவாகவே நம்பினார்கள்.

கீழைக்காற்று:
என் காதுக் கருவியைப் பார்த்ததும் "என் வீட்டுக்காரருக்கும் நான் சொல்வது காதில் விழாது" என்று ஒரு சிரிப்பு. கல்யாணப் பந்தியில் இந்தக் கருவி நாதஸ்வரம், கரண்டிச் சத்தம், எதிர்வரிசைப் பேச்சு எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிக் கொட்டும். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கவேண்டும். வாயில் சோற்றுடன் பேசினால் அதற்கும் வழியில்லை. இன்னொரு முறை கேட்டால், "ஒன்றுமில்லை, விடு." அந்த வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்வார்களா?

நூல்கண்டு:
பயிற்சி வகுப்பு எடுக்க வந்தவர் காலையில், "ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் வலி தெரியாது" என்றார். பிற்பகலில், "எல்லோருக்குமே கொஞ்சம் ஆட்டிசம் உண்டு" என்றார். இரண்டையும் கூட்டிப் பார்த்தாரா தெரியவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்றாக இருப்பதால் சான்றிதழுக்கு நடையாய் நடந்தவள் நான். அந்தக் 'கொஞ்சம்' உள்ளவர்களை அங்கே வரிசையில் காணவில்லை.

பெரியப்பா இறந்தபோது நான் அழவில்லை. ஐஸ் பெட்டிக்கு மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்தேன். அத்தைக்குச் சர்க்கரை என்பதால் வேளைக்கு இரண்டு இட்லி ஊட்டி மாத்திரை கொடுத்தேன். "கல்நெஞ்சுக்காரி" என்றார்கள். ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டாமியன் மில்ட்டன் 2012இல் எழுதியது இதைத்தான்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. பழி மட்டும் எங்களுக்கு.

கீழைக்காற்று:
வெண்கோல் அண்ணா, வெளியூர்ப் பணி திரும்பக் கிடைத்ததா?

வெண்கோல்:
இல்லை தங்கை. அதே சட்டத்தில், அரசு வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிற 20ஆம் பிரிவைக் காட்டி எழுதிக் கொடுத்திருக்கிறேன். "உங்கள் நன்மைக்குத்தானே செய்தேன்" என்று மேலதிகாரி மனவருத்தப்படுகிறார்.