வேலூர்க் கோட்டை மஹால்களில் யார் யார் இருந்தார்கள்?

சத்துவாச்சாரி வாசி:
திப்பு மஹால், ஹைதர் மஹால், பேகம் மஹால், பாதுஷா மஹால், கண்டி மஹால்னு அஞ்சு சொல்றாங்க. திப்பு இங்கே சிறையில இருந்தாரா? கண்டி ராஜாவும் திப்பு குடும்பமும் ஒரே சமயத்துல இருந்தாங்களா? பசங்களைக் கூட்டிட்டுப் போகணும், தப்பா சொல்லிடக்கூடாது.

கோட்டைவாசல்:
திப்பு இங்கே கைதியாக இருந்ததே இல்லை சார். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சண்டையிலேயே இறந்துவிட்டார். பிறகுதான் அவர் பிள்ளைகளையும் பெண்டுகளையும் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். சிறை என்றதும் இருட்டறையை நினைக்காதீர்கள். உதவித்தொகை உண்டு, கல்யாணம் காட்சி உண்டு, காவலைத் தாண்டத்தான் முடியாது.

அந்தக் கல்யாணத்திலேதான் வினை. 1806 ஜூலை 9 அன்று திப்பு மகள் ஒருத்திக்குத் திருமணம். அந்தச் சாக்கில் சிப்பாய்கள் கோட்டைக்குள் கூடினார்கள், விடிவதற்குள் எழுச்சி. திப்புவின் புலிக்கொடி ஏறியது, அவர் மகன் ஃபத்தே ஹைதரை அரசராக அறிவித்தார்கள். கோட்டை விட்டது எங்கே என்றால், பலர் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள், வாசலுக்கு மேலே இருந்த மதில் மிஞ்சிய வெள்ளைச் சிப்பாய்கள் கையிலேயே இருந்தது. ஆற்காட்டிலிருந்து பாய்ந்து வந்த ஆங்கிலத் தளபதி கில்லஸ்பியை அவர்கள் கயிறு விட்டு மேலே இழுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த பீரங்கி கதவைத் தகர்த்தது. அன்றே முடிந்துவிட்டது. அதன்பின் இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பாலாற்றங்கரை:
கண்டியின் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டது 1815 பிப்ரவரி, இங்கே வந்தது 1816. ஆக இளவரசர்களோடு சேர்ந்து இருந்திருக்க முடியாது. ஆனால் திப்பு குடும்பமே ஊரில் இல்லை என்றும் சொல்லிவிடாதீங்க. தோட்டப்பாளையத்தில் உள்ள பாதுஷா பேகம் கல்லறை 1834ஆம் வருஷத்தது. அவர் திப்புவின் மனைவி. பக்கத்திலேயே ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகம், 1806. ராஜா இறந்தது 1832 ஜனவரி 30. இலங்கை அரசர் என்றாலும் நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவர் நினைவிடம்தான்.

கோட்டைவாசல்:
மஹால் பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். 1614இல் விஜயநகர அரசர் இரண்டாம் ஸ்ரீரங்கரையும் குடும்பத்தையும் ஜக்கராயன் என்ற பிரபு கொன்றது இதே வேலூரில். தப்பியது ராமதேவன் என்ற பிள்ளை மட்டும். சலவைக்காரர் ஒருவர் துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கடத்தினாராம். பசங்களுக்கு இதுதான் பிடிக்கும்.

பாலாற்றங்கரை:
வெள்ளிக்கிழமை போகாதீங்க, அரசு அருங்காட்சியகம் லீவு. கண்டி ராஜா ஆடிய தந்தச் சதுரங்கப் பலகை அங்கேதான் இருக்கு.