கிளிநொச்சியில் சுடுநீர்த் தொட்டி: கரன்ற் பில்லைக் குறைக்க வழி?

கேள்வி:
அப்பாவின் முழங்கால் நோவுக்காக வீட்டில் ஆயிரம் லீற்றர் சுடுநீர்த் தொட்டி வைத்திருக்கிறோம், இரவு பகலாக 38 பாகையில் ஓடுகிறது, பில்லோ தாங்க முடியவில்லை. அதில் இருந்து எழும்பினால்தான் அவருக்குக் கால் மடங்குகிறது, நிற்பாட்ட மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
தம்பி, முதலில் மூடியைப் பாருங்கோ. சூடு கூடுதலாகப் போவது மேலால், ஆவியாகத்தான். மூடி ஓரத்தில் கையை வைக்க ஈரச்சூடு அடித்தால் காசு அந்த இடத்தால் போகிறது. ரப்பர் பட்டி ஒட்டுங்கோ, தண்ணீரின் மேல் மிதக்கிற குமிழித் தாளும் விரியுங்கோ.

பதில் 2:
ஆயிரம் லீற்றரை ஒரு பாகை கூட்ட 1.16 யூனிற் வேணும். 28 பாகைக் கிணற்றுத் தண்ணீரை 38 ஆக்க 11.6 யூனிற். எங்கட வெயிலுக்குக் கூரையில் இருக்கிற கறுப்புத் தாங்கியில் பின்னேரம் தண்ணீர் நல்லாச் சுடும், நிரப்பும்போது அதையே விடுங்கோ. இரண்டு பாகை குறைத்துப் பாருங்கோ, அப்பாவுக்குச் சரி என்றால் அப்படியே விடலாம்.

பதில் 3:
நேரவாரிக் கட்டணம் (நேரத்துக்கு நேரம் யூனிற் விலை மாறுகிற முறை) எடுக்க முடிந்தால் எடுங்கோ. இரவு 10.30 முதல் விடிய 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை விலை கூட, அப்ப ஹீற்றரைத் தொடவே வேண்டாம். கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூடவென்றால் ஹீற்றர் கம்பியில் வெள்ளை படியும், துப்புரவாக்காவிட்டால் கம்பி சீக்கிரம் எரியும்.