லாகினில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து: ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு

கரிசல்காட்டான்:
ஒரு டியூஷன் சென்டருக்கு ஃபீஸ் கட்டும் தளம் செய்து கொடுத்திருக்கிறேன். ஒரு அம்மா ஃபோனில் பதிவு செய்தபோது, கீபோர்டு அவருடைய மெயில் முகவரியின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எஸ் ஆக்கிவிட்டது. மறுமாதம் கம்ப்யூட்டரில் எல்லாம் சின்ன எழுத்தில் அடித்தார். அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது தளம். சரி என்று புதிதாகப் பதிவு செய்துவிட்டார். கட்டிய பணம் ஒரு கணக்கில், அவர் உள்ளே வருவது இன்னொன்றில். எல்லா முகவரியையும் சின்ன எழுத்தாக்கிச் சேமித்துவிடப் போகிறேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?

பழைய_சர்வர்:
எனக்கு உண்டு தம்பி. மெயில் அனுப்புவதற்கான விதி ஆவணம், 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5321, @ குறிக்கு முன்னால் வருவதில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு என்றே நடத்தச் சொல்கிறது. @ குறிக்குப் பின்னால் வரும் டொமைனுக்கு மட்டும்தான் அந்த வித்தியாசம் கிடையாது. எந்தப் பெட்டி யாருடையது என்று சொல்ல வேண்டியது மெயில் சர்வர். நடுவில் நாம் யார்? தளம் கட்ட உதவும் ஜாங்கோகூட இயல்பாக டொமைனை மட்டும்தான் சின்னதாக்குகிறது.

நிரல்நங்கை:
அந்த இடத்திலேயே, இந்த வித்தியாசத்தை நம்பிப் பெட்டி அமைக்காதீர்கள் என்றும் இருக்கிறதே சார், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஜிமெயில் நடுவில் வரும் புள்ளியையே கண்டுகொள்வதில்லை, பெரிய எஸ்ஸையா பார்க்கப் போகிறது? பெரிய எஸ்ஸுக்கு ஒன்று, சின்ன எஸ்ஸுக்கு ஒன்று என்று இரண்டு பெட்டி வைத்திருப்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் "பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுறேன்" என்று கத்துபவர்களை வாரா வாரம் பார்க்கிறேன்.

பழைய_சர்வர்:
சின்னதாக்குவது என்றால் எந்த ஊர்க் கணக்குப்படி? துருக்கி லொக்கேலில், அதாவது அந்த மொழி அமைப்பில், ஜாவா ஓடினால், ஆங்கிலப் பெரிய ஐ (I) புள்ளியில்லாத சின்ன ஐ ஆகிவிடும். அதே எழுத்தால்தான் 2019 டிசம்பரில் ஜாங்கோ அவசரமாக ஒட்டுப் போட்டது. புள்ளியில்லாத ஐ வைத்து ஒருவன் பாஸ்வேர்டு ரீசெட் கேட்டால், டேட்டாபேஸ் அதைப் பெரிய எழுத்தாக்கிப் பார்த்து வேறொருவர் கணக்கோடு பொருத்திவிடும். லிங்க்கோ, கேட்டவன் அடித்த முகவரிக்குப் போகும்! தமிழில் பெரிய க, சின்ன க கிடையாது. நாம் புண்ணியம் செய்தவர்கள்.

குமரிக்கரை:
ரொம்பவும் மகிழ வேண்டாம். நம் 'கொ'வில் வரும் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு.

நிரல்நங்கை:
சார் சொன்ன ஓட்டையில் தப்பு, எங்கே அனுப்பினோம் என்பதில்தான். சேமித்து வைத்திருந்த முகவரிக்கே அனுப்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதனால் கரிசல் அண்ணா, அவர் அடித்ததை அடித்தபடியே டேபிளில் ஒரு நெடுவரிசையில் வையுங்கள், மெயில் போவது அதற்குத்தான். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் சின்ன எழுத்து வடிவம், அதன் மேல், ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால், சின்ன எழுத்தாக்கும் லோயர் ஃபங்ஷன் போட்டே இண்டெக்ஸ் செய்யலாம். மைஎஸ்கியூஎல் 8-இன் இயல்பான கொலேஷன் (எழுத்தை ஒப்பிடும் விதி) பெரிய, சின்ன எழுத்து வித்தியாசத்தை மட்டுமல்ல, எழுத்தின் மேலுள்ள குறிகளையும் கண்டுகொள்ளாது, அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், முகவரி அடிக்கும் கட்டத்தை ஈமெயில் வகை இன்புட்டாக மாற்றுங்கள். கீபோர்டு தானாகப் பெரிய எழுத்துப் போடுவது பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும்.

பழைய_சர்வர்:
அடித்தபடி வைப்பதானால் சரி. ஆனால் பழைய இரட்டைக் கணக்குகளை ஸ்கிரிப்ட் எழுதி ஒட்டிவிடாதே தம்பி.

கரிசல்காட்டான்:
போஸ்ட்கிரெஸ்தான். இண்டெக்ஸ் போடப் போனேன், டூப்ளிகேட் இருக்கிறது என்று எரர். தேடினால் ஏழு ஜோடி. ஆறு ஜோடி அந்த அம்மா கதைதான். ஏழாவதில் பிள்ளையின் பெயர் வேறு, வகுப்பும் வேறு. ஃபோன் போட்டுக் கேட்டேன். "ஒரே மெயிலை ரெண்டாவது தடவை வாங்க மாட்டேன்னுச்சு தம்பி, அதான் சின்னவளுக்குப் பெரிய எழுத்துல போட்டேன்" என்கிறார் அப்பா.

பழைய_சர்வர்:
பார்த்தாயா, ஒருவர் கிடைத்துவிட்டார்!

நிரல்நங்கை:
அது மெயில் பிரச்சினை இல்லை சார். ஒரு கணக்கில் இரண்டு பிள்ளைகளைச் சேர்க்க அண்ணா வழி வைக்கவில்லை.

கரிசல்காட்டான்:
உண்மைதான். முதலில் அதைச் செய்கிறேன், இண்டெக்ஸ் அப்புறம்.