பிரிட்டனின் ஸ்பீட்வேயில், மண் தடத்தில் வட்டமிடும் அந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் கீழ் டிவிஷன்களில், பார்த்த எந்தப் பையன் இன்னும் உங்கள் மனதைவிட்டுப் போகவில்லை?

வளைவோரம்:
மூன்றாம் டிவிஷன் ஆட்டம். இரண்டாவது ஹீட், அதாவது நான்கு பேர் நான்கு சுற்று ஓடும் இரண்டாவது ஓட்டம், ரிசர்வ் பையன்களுக்கு உரியது. எங்கள் ஏழாம் எண்காரனுக்கு 16 வயது இருக்கும். தொடக்கக் கோட்டின் குறுக்கே கட்டிய நாடா மேலே எழும் முன்பே பாய்ந்து அதில் மோதிவிட்டான். 15 மீட்டர் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். மூன்று சுற்றுகள் மற்றவர்களின் பின்சக்கரம் வாரி இறைத்த மண்ணைத் தின்றுகொண்டே ஓடினான். கடைசி வளைவில் முன்னால் போனவன் கொஞ்சம் அகலமாகத் திரும்பினான். உள்ளே கிடைத்த இடுக்கில் இவன் புகுந்துவிட்டான். மூன்றாம் இடம், ஒரு புள்ளி. அதுதான் அவனுடைய முதல் புள்ளி என்று பிறகு ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

என் பக்கத்தில் ஒரு மூதாட்டி, மடியில் நிகழ்ச்சிப் புத்தகம். அவனுடைய கட்டத்தில் 1 என்று எழுதினார். எழுதியதன் மேலேயே மறுபடியும் எழுதினார், மறுபடியும். தாள் கிழிந்துவிட்டது. உங்கள் பேரனா என்று கேட்டேன். இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.

இரவுப்பணி:
மருத்துவரும் ஆம்புலன்ஸும் இல்லாமல் ஆட்டம் நடத்த முடியாது. சில ஆண்டுகள் அந்த மருத்துவராக நின்றிருக்கிறேன். வண்டிக்குப் பிரேக் கிடையாது, ஒரே கியர், மெத்தனாலில் ஓடும் 500 சிசி எஞ்சின். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். மைதானத்தின் நடுவில் நின்று பார்க்கும்போது அது வேறு விஷயம்.

இரண்டாம் டிவிஷன் பையன் ஒருவன் வேலியில் மோதி விழுந்தான். எலும்பு முறிவு எதுவும் இல்லை. எழுந்து உட்கார்ந்து, "அடுத்து எனக்கு எந்த ஹீட்?" என்றான். சொன்னேன். அரை நிமிடத்தில் அதையே கேட்டான். மூன்றாம் முறையும் அதே கேள்வி, அதே குரல். அன்றைக்கு அவனை இனி ஓடவிட முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். வண்டிகளைத் தயார் செய்யும் பிட்டில் அவன் அப்பா வளைந்த கைப்பிடியை மாற்றி, வண்டியைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் எரிபொருள் குழாயை அடைத்தார். முதல் டிவிஷன் அணி ஒன்றின் மேலாளர் அவனைப் பார்க்கவே அன்று வந்திருந்தார் என்பதைக் கிளம்பும்போதுதான் யாரோ சொன்னார்கள். முடிவு சரிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அப்பாவின் கைதான் நினைவில் நிற்கிறது.

கணக்கன்:
வளைவோரம் அந்த ஒரு புள்ளியைக் கொண்டாடுகிறார். அந்தப் புள்ளிகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். எடுத்த புள்ளிகளை ஓடிய ஹீட்டுகளால் வகுத்து நான்கால் பெருக்கினால் வருவது சராசரி. 16 ஹீட்டில் 24 புள்ளி என்றால் 6.00. அணியைக் கட்டும்போது வீரர்களின் சராசரிகளைக் கூட்டினால் வரும் தொகைக்கு ஒரு வரம்பு உண்டு. மூன்றில் தொடங்கிய பையன் ஏழுக்கு வளர்ந்துவிட்டால், அவனை வளர்த்த அணியின் வரம்புக்குள்ளேயே அவன் அடங்காமல் போகிறான்.

எங்கள் ஊரில் அப்படி ஒருவன். மூன்று ஆண்டுகள் எங்களோடு. அடுத்த மார்ச்சில் எதிரணிக்காக வந்தான். பழக்கத்தில் வேனைப் பிட்டில் எங்கள் அணியின் பக்கம் நிறுத்தி, வண்டியை இறக்கி, கருவிப் பெட்டியைத் திறந்துவிட்டான். யாருக்கும் அவனிடம் சொல்ல மனம் வரவில்லை. அவனாகவே உணர்ந்து, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மறுபக்கம் கொண்டுபோனான். இதை வளர்ப்பு என்று எப்படிச் சொல்வது?

பழைய நிரல்:
கணக்கன் சொல்வதை ஏற்க முடியவில்லை. 1968இல் இரண்டாம் டிவிஷனைத் தொடங்கியபோது முதல் இரண்டு ஆண்டும் பட்டம் வென்றது பெல் வியூ கோல்ட்ஸ், முதல் டிவிஷன் அணியின் இளைய அணி. 1970இல் அது ராக்டேலுக்கு இடம்பெயர்ந்தது. அந்த ராக்டேலில் ஓடிய பீட்டர் காலின்ஸ் 1976இல் உலகச் சாம்பியன். டாய் வோஃபின்டென் 2006இல் கீழ் டிவிஷன் அணியான ஸ்கந்தார்ப், பிறகு ரை ஹவுஸ், அதன்பின் வுல்வர்ஹாம்ப்டன்; 2013இல் உலகப் பட்டம். ஸ்கந்தார்ப் அவரைப் பிடித்து வைத்திருந்தால் யாருக்கு லாபம்? நாற்றங்காலில் விட்ட பயிர் அங்கேயே முற்றினால் வயல் எதற்கு? நாற்றைப் பறிக்கும்போது வேர் கொஞ்சம் அறுபடத்தான் செய்யும்.

என் அனுபவம் சிறியது. ஆட்டம் முடிந்தபின் இளையவர்களுக்கென்று ஓரிரு ஓட்டங்கள் வைப்பார்கள். விளக்கை அணைக்கக் காவலர் காத்திருக்க, நாற்பது பேர் மட்டும் நின்று பார்த்த அப்படி ஓர் ஓட்டத்தில் ஒரு பையன் வென்றுவிட்டு, காலியான கேலரிக்குக் கையசைத்தபடி முழுச் சுற்றும் வந்தான்.

ஷேல்மண்:
என் மகன் இரண்டு ஆண்டுகள் ஓடினான், பிறகு விட்டுவிட்டான். அவனுடைய எஃகுக் காலணி இன்னும் கொட்டகையில் தொங்குகிறது. இடது காலில் மாட்டுவது, தேய்ந்து தேய்ந்து முன்விளிம்பு கத்தி போல ஆகிவிட்டது. அதை எறிய முடியவில்லை.

பிள்ளையை இதில் இறக்க நினைக்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் கேளுங்கள். முதலில் வண்டி வாங்காதீர்கள். பயிற்சித் தடத்தில் வாடகை வண்டியில் ஓடட்டும். 125 சிசியில் தொடங்கி 250க்குப் போய், அப்புறம் 500. வயது வந்துவிட்டது என்பதற்காக 500இல் ஏற்றாதீர்கள். விழக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். நேராக வேலிக்குப் போவதைவிட வண்டியைப் படுக்கப் போடுவது மேல் என்பது உடம்புக்குத் தெரிய வேண்டும். எஞ்சினை அணைக்கும் கயிறு மணிக்கட்டில் கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் நீங்களே தொட்டுப் பாருங்கள். எஞ்சினுக்குக் கொட்டும் பணத்தில் பாதியை உடற்கவசத்துக்கு ஒதுக்குங்கள். தொடக்கத்தில் எடுக்கும் புள்ளிகளுக்குக் கிடைக்கும் பணம் டயருக்கும் டீசலுக்கும் காணாது, அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். இரண்டு டிவிஷனிலும் சேர்த்து ஓடக் கூப்பிட்டால் உடனே தலையாட்டாதீர்கள். இரவு ஒரு மணிக்கு வீடு திரும்பி ஆறு மணிக்கு வேலைக்குப் போகும் பையன் மறுநாள் நாடாவின் முன் எப்படி நிற்பான்? 2021இல் முதல் டிவிஷனில் வளரும் வீரர்களுக்கென்று அணியில் ஓர் இடம் ஒதுக்கினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த இடத்துக்குப் போகும் முன் கீழே வெற்றி பெற்றுப் பழகியிருக்க வேண்டும். மேலே போய்த் தொடர்ந்து நான்காவதாக வந்தால் மனம் உடைந்துவிடும். என் மகனுக்கு நடந்தது அதுதான்.

இரவுப்பணி:
ஷேல்மண், கயிற்றைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. அந்தக் காலணியை எறிய வேண்டாம்.

ஐந்தாம் வாசல்:
2022, உலகச் சாம்பியன் பட்டத்துக்கான தொடரில் ஒரு சுற்றான கார்டிஃப் கிராண்ட் பிரி. டான் பியூலி வென்றார். வொயிட்ஹேவனில் பிறந்தவர், பக்கத்து ஊரான வொர்க்கிங்டனின் காமெட்ஸ் அணியில் வளர்ந்தவர். 2018இல் அந்த அணி இரண்டாம் டிவிஷனில் மூன்று கோப்பைகளை வென்றது. அடுத்த ஆண்டு அணியே ஓடவில்லை.

எனக்கு முன்வரிசையில் ஒருவர், அறுபது வயதைத் தாண்டியவர், காமெட்ஸ் கோட்டு, மார்பு முழுக்க ஒவ்வோர் ஆண்டின் பேட்ஜ். அரங்கமே எழுந்து கத்தியபோது அவர் உட்கார்ந்துவிட்டார். உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று குனிந்து கேட்டேன். "எங்கள் தடத்தில் அவர் ஓடியதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்றார். இல்லை என்றேன். உடனே என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அங்கே இரண்டாம் வளைவு எப்படி இருக்கும், மழை பெய்தால் எந்த இடத்தில் மண் இறுகும், பியூலி எங்கே உடம்பைச் சாய்ப்பார் என்று இரண்டு கைகளாலும் காட்டிச் சொல்லத் தொடங்கினார். அவர் முடிக்கும்போது கோப்பை கொடுத்து முடித்திருந்தார்கள். நாங்கள் இருவருமே அதைப் பார்க்கவில்லை.