ஸ்விஃப்ட்: முன் டயர் உள்விளிம்பு மட்டும் தேயுது, இடது டயரில் புடைப்பு. ரெண்டு மாத்தினா போதுமா?

உறையூர்வாசி:
வணக்கம். வண்டி 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல், அலாய் வீல், 185/65 ஆர்15. 58,000 கி.மீ. ஓடியிருக்கு. முன் டயர் ரெண்டும் வெளியே நின்னு பார்த்தா நல்லா இருக்கு. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு எட்டிப் பார்த்தா உள்விளிம்பு மொட்டையா இருக்கு. இடது முன் டயர் பக்கவாட்டில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. 80 தாண்டினா ஸ்டீயரிங் நடுங்குது, 100க்கு மேல குறைஞ்சிடுது.

கடையில் "முன்னாடி ரெண்டு மட்டும் மாத்துங்க, புதுசை முன்னாடியே போட்டுடலாம். இப்ப முடியலைன்னா புடைப்பு டயருக்குள்ள டியூப் போட்டு ஓட்டுங்க"ன்னு சொல்றாங்க. அடுத்த வாரம் குடும்பத்தோட திருச்சியிலிருந்து சென்னை போகணும். எது சரி, ஏன் சரின்னு தெரிஞ்சு செய்யணும்.

டயர்மணி:
முதல் வேலை, அந்தப் புடைப்பு டயரை இன்னைக்கே கழட்டி ஸ்டெப்னி போடுங்க. சென்னை வரைக்கும் இல்ல, பக்கத்துக் கடைத்தெருவுக்குக்கூட அதில் போக வேண்டாம்.

பக்கவாட்டுச் சுவருக்குள் நூலிழைகள் ஓடுது. காத்தோட அழுத்தத்தைத் தாங்குறது அந்த இழைதான், ரப்பர் இல்ல. வேகமா ஒரு குழியில இறங்கும்போது குழி விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவுல சுவர் நசுங்கி இழை அறுந்துபோகும். அறுந்த இடத்துல வெறும் ரப்பர்தான் மிச்சம், அதைக் காத்து வெளியே தள்ளுது. அதுதான் நீங்க பார்க்கிற புடைப்பு. இதுக்கு ஒட்டு கிடையாது, பேட்ச் கிடையாது. வெயில்ல சூடேறின ரோட்டில், ஆள் ஏறின வண்டியில், 100ல போகும்போது வெடிக்க எல்லாப் பொருத்தமும் இருக்கு.

டியூப் யோசனை ரொம்பத் தப்பு. அறுந்த இழையை டியூப் ஒட்ட வைக்காது. டியூப்லெஸ் டயரின் உள்முகம் டியூபுக்காகச் செய்யப்பட்டதில்ல, உரசி உரசிச் சூடாகும். அதோட டியூப்லெஸ்ஸில் ஆணி ஏறினா காத்து மெல்ல இறங்கும். டியூப் கிழிஞ்சா வால்வு ஓட்டை வழியா ஒரே மூச்சில் போயிடும்.

மத்ததுக்குப் பதில் சொல்ல மூணு விவரம் வேணும். நாலு டயரிலும் ஸ்டெப்னியிலும் டிஓடி (DOT) எழுத்துக்குப் பிறகு கடைசியா வர்ற நாலு இலக்கம், அதுதான் டயர் செய்த தேதி (ஒரு பக்கம் தெரியலைன்னா உள்பக்கச் சுவரில் இருக்கும்). ரெண்டாவது, ஆழம் பார்க்கிற கேஜால உள், நடு, வெளி மூணு இடத்துலயும் காடி (மேல்முகத்துப் பள்ளம்) எத்தனை மில்லிமீட்டர். மூணாவது, முன் டயரின் மேல்முகத்தில் உள்ளங்கையைக் குறுக்கே தேய்ச்சுப் பாருங்க. வெளியிலிருந்து உள்ளே, அப்புறம் உள்ளிருந்து வெளியே. எந்தத் திசையில் கையில தட்டுது? கம்பி வெளியே நீட்டிக்கிட்டிருந்தா கையைக் கிழிக்கும், கண்ணால பார்த்துட்டுக் கை வைங்க.

உறையூர்வாசி:
முன் ரெண்டும் 2622. பின் ரெண்டும், ஸ்டெப்னியும் 0718. முன் டயர்: உள் 1.4, நடு 4, வெளி 4.5 மி.மீ. பின்: எங்கே வச்சாலும் 3.5, ஆனா காடிக்குள்ளயும் பக்கச் சுவரிலும் மெல்லிய வெடிப்பு. கையைத் தேய்ச்சா உள்ளே போகும்போது தட்டுது, வெளியே வரும்போது வழுவழு.

ஸ்டெப்னி மாத்தலாம்னு நட் நாலையும் கழட்டிட்டேன். வீல் ஹப்பை (வீல் உட்கார்ற நடுப்பகுதி) விட்டு வரவே மாட்டேங்குது. வண்டி இப்ப ஜாக்கி மேல நிக்குது.

நெடுஞ்சாலை_நண்பன்:
ஜாக்கி மேல இருக்கும்போது வண்டியை ஆட்டாதீங்க, அடியில் கையோ காலோ போகக்கூடாது. அலாய் வீலின் நடு ஓட்டை ஹப்பில் துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டிருக்கு, மழைக்காலம் ரெண்டு பார்த்த வண்டிக்கு இது சகஜம். நாலு நட்டையும் திரும்ப விரலால மாட்டி முட்டும் வரை திருகி, அப்புறம் அரைச் சுத்து தளர்த்துங்க. ஜாக்கியை இறக்குங்க. இன்ஜினைப் போட்டு ஒரு மீட்டர் முன்னே, ஒரு மீட்டர் பின்னே நகர்த்தி பிரேக் பிடிங்க. வண்டியோட எடையே ஒட்டை உடைச்சிடும். மறுபடி தூக்கினா கையோட வரும்.

தூக்கும்போது ஹேண்ட்பிரேக், முதல் கியர், தூக்குற சக்கரத்துக்கு எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். ஜாக்கி வைக்கிற இடம் கதவுக்கு அடியில், ரெண்டு வெட்டுக்கு நடுவுல இருக்கிற தகட்டு விளிம்பு. வேற எங்க வச்சாலும் தளம் நசுங்கும். கழட்டின வீலை ஜாக்கிக்குப் பக்கத்துல வண்டிக்கு அடியில் படுக்க வச்சிடுங்க. ஜாக்கி சரிஞ்சாலும் வண்டி அது மேல உட்காரும், உங்க கை தப்பும்.

அடுத்த தடவை நட்டை வண்டி தரையில நிக்கும்போதே அரைச் சுத்து தளர்த்திட்டுத்தான் தூக்கணும்.

மாட்டும்போது ஹப் முகத்துல இருக்கிற துருவைக் கம்பி பிரஷால தேய்ங்க. நடு வளையத்துல மட்டும் கிரீஸை ஒரு மெல்லிய பூச்சா வைக்கலாம். போல்ட் மரையில எண்ணெயோ கிரீஸோ பட்டா அதே முறுக்குக்கு நட் அளவுக்கு மேல இறுகி, போல்ட் நீண்டுபோகும். நட்டின் கூம்பு முனை ரிம் பக்கம் பார்க்கணும். ஒண்ணு விட்டு ஒண்ணு, எதிரெதிரா இறுக்குங்க. சரியான இறுக்கம் கையேட்டில் இருக்கு. இந்த அளவு கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன்மீட்டருக்குள் வரும். 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனர் முனையில் சுமார் 40 கிலோ பலம் கொடுத்தா 100 வரும். ஸ்பேனர் மேல ஏறி நின்னு மிதிக்கிற பழக்கம் இருந்தா விட்டுடுங்க.

சேலம்_சஸ்பென்ஷன்:
அண்ணா, உங்க கையில தட்டினதுதான் இந்தக் கேள்வியிலேயே முக்கியமான விஷயம். டயர் தானா உள்விளிம்புல தேயாது. சக்கரம் தேய்க்குது. காரணத்தைச் சரி பண்ணாம புது டயர் போட்டா அதுவும் இதே மாதிரி பாதியில போகும்.

உள்ளே போகும்போது தட்டி, வெளியே வரும்போது வழுவழுன்னு இருந்தா டோ-அவுட். அதாவது முன்சக்கரம் ரெண்டும் முன்பக்கம் லேசா விரிஞ்சு ஓடுது. ரெண்டு திசையிலும் வழுவழுன்னு இருந்து உள்பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா கேம்பரை, அதாவது சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாய்ஞ்சிருக்கிற கோணத்தை, சந்தேகப்படணும். ரெண்டு விளிம்பும் தேஞ்சு நடு மிஞ்சினா காத்து குறைச்சு ஓட்டினது. நடு மட்டும் போனா காத்து அதிகம்.

டோ எதனால விரிஞ்சது? புடைப்பு வந்த அதே குழி டை ராடையும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற தண்டு) வளைச்சிருக்கலாம். இல்லைன்னா டை ராட் எண்ட் தேஞ்சிருக்கும், லோயர் ஆர்மோட (சக்கரத்தைக் கீழே பிடிச்சிருக்கிற கை) பின்பக்க ரப்பர் புஷ் கிழிஞ்சிருக்கும். புஷ் கிழிஞ்சா பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் சக்கரம் பின்னே இழுபட்டு விரியும். வண்டி நிக்கும்போது சக்கரக் கோணம் அளக்கிற அலைன்மென்ட் மெஷின் எல்லாம் சரின்னு காட்டும், ஓடும்போது தேயும். அதனால மெஷினில் ஏத்துறதுக்கு முன்னாடி இதைப் பண்ணச் சொல்லுங்க: முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கடிகாரத்தின் 3, 9 இடத்துல பிடிச்சு ஆட்டணும். ஆட்டம் இருந்தா டை ராட் எண்ட். 12, 6 இடத்துல ஆடினா பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். புஷ்ஷை கடப்பாரையால மெல்ல நெம்பிப் பார்த்தாத்தான் கிழிசல் தெரியும்.

இன்னொண்ணு. இந்த வண்டியில அலைன்மென்ட்டுல மாத்த முடியறது முன் டோ மட்டும்தான். கேம்பர் சிவப்புல காட்டினா சில இடத்துல ஹைட்ராலிக் ஜாக்கி கட்டி ஸ்ட்ரட்டை (சக்கரத்துக்கு மேல இருக்கிற ஸ்பிரிங் தண்டு) வளைச்சு எண்ணைப் பச்சையாக்கித் தருவாங்க. அதுக்குச் சம்மதிக்காதீங்க. கேம்பர் தப்பா இருந்தா ஏதோ ஒரு பாகம் வளைஞ்சிருக்கு, அந்தப் பாகத்தை மாத்தணும்.

வரிசை: சஸ்பென்ஷன் பார்வை, டயர் மாத்துதல், பேலன்ஸிங் (சக்கர எடையைச் சுத்திலும் சமமாக்கறது), குளிர்ந்த நிலையில காத்து, கடைசியா அலைன்மென்ட். வேலைக்கு முன், பின் எடுத்த ரெண்டு அலைன்மென்ட் பிரின்ட்டும் கேட்டு வாங்குங்க.

டயர்மணி:
இலக்கங்களைப் பார்த்தாச்சு. 2622ன்னா 2022ல 26ஆவது வாரம். 0718ன்னா 2018ல 7ஆவது வாரம். பின் டயர்களுக்கு ஏழு வயசு தாண்டியாச்சு. ஆழம் 3.5 இருக்குன்னு நிம்மதியா இருக்க முடியாது, வெடிப்பு வந்துட்டா ரப்பர் இறுகிப்போச்சுன்னு அர்த்தம். ஈரத்துல பிடி இருக்காது. முன் டயர்கள் உள்விளிம்பில் 1.6 மி.மீ. சட்ட வரம்புக்கே கீழே போயாச்சு. ரெண்டு மாத்தினா போதுமான்னு கேட்டீங்க. உங்க வண்டிக்கு நாலும் மாத்தணும். செலவு பெரிசுன்னு தெரியும், ஆனா இதுல மிச்சம் பிடிக்க ஒரு டயர்கூட இல்ல.

அளவு 185/65 ஆர்15, லோட் இன்டெக்ஸ் 88 (ஒரு டயருக்கு 560 கிலோ), வேக எழுத்து எச் (210 கி.மீ.). 88க்குக் கீழ இறங்காதீங்க. கடையில பில் போடுறதுக்கு முன்னாடி தேதி இலக்கத்தைப் படிங்க, நாலும் ஒரே பேட்டர்ன், ஆறு மாசத்துக்குள்ள செய்ததா இருக்கட்டும்.

காவிரிக்கரை:
நாலு மாத்த முடியாதவங்களுக்கு ஒரு சந்தேகம். முன்வீல் டிரைவ் வண்டி, இழுக்கிறதும் திருப்புறதும் முன்சக்கரம், பிரேக்கிலும் பாரம் முன்னாடிதான். புதுசு ரெண்டையும் முன்னாடி போடுறதுதானே நியாயம்?

டயர்மணி:
இழுவைக்கும் பிரேக்குக்கும் நீங்க சொல்றது உண்மைதான். ஆனா ஈர ரோட்டில் எந்த அச்சு முதல்ல பிடி விடுதுங்கறதைப் பாருங்க. முன்சக்கரம் தண்ணி மேல மிதந்தா வண்டி நேரா வழுக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டா வேகம் குறைஞ்சு பிடி திரும்பும், யாரா இருந்தாலும் அதைத்தான் இயல்பா செய்வாங்க. பின்சக்கரம் பிடி விட்டா வால் சுத்தும். அப்போ ஆக்ஸிலேட்டரை விட்டா பாரம் முன்னே சாய்ஞ்சு இன்னும் வேகமாச் சுத்தும். எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங் கொடுக்க நேரம் கிடைக்காது. அதனாலதான் டயர் கம்பெனிகளும் புதுசு ரெண்டு வாங்கினா பின்னாடி போடச் சொல்றாங்க. முன்னாடி போகிற பழசும் நல்ல நிலையில, வெடிப்பில்லாம இருந்தால்தான் இந்தக் கணக்கு.

உறையூர்வாசி:
ஒரு மீட்டர் நகர்த்தினதும் வீல் கழண்டு வந்துடுச்சு, நன்றி. ஸ்டெப்னி 165/80 ஆர்14 இரும்பு ரிம். அளவு வேறயா இருக்கே, ஓட்டலாமா? நடுக்கம் எதனால? நைட்ரஜன் போடவா?

நெடுஞ்சாலை_நண்பன்:
மொத்த விட்டம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 620 மி.மீ.க்கு 621. அகலமும் பிடியும் வேற, வயசும் 2018. டயர் கடை வரைக்கும் மட்டும், 80க்குக் கீழ. ஸ்டெப்னியில காத்து எவ்வளவு இருக்குன்னு முதல்ல பாருங்க, டிக்கியில கிடக்கிறதை யாரும் கவனிக்கிறதில்ல.

ஒரு குறிப்பிட்ட வேகத்துல வந்து அப்புறம் குறையற நடுக்கம் பேலன்ஸ் கோளாறுதான். ஸ்டீயரிங்கில் தெரிஞ்சா முன்வீல், சீட்டில் தெரிஞ்சா பின்வீல். குழியில விழுந்த ரிம் வளைஞ்சிருக்கவும் வாய்ப்பிருக்கு, மெஷினில் சுத்தும்போது விளிம்பு ஆடுதான்னு நீங்களே நின்னு பாருங்க. ரிம்மோட உள்பக்கச் சேறு, பழைய எடை எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் பேலன்ஸ் பண்ணணும். எடை ஒட்டின பிறகு மறுபடி சுத்தி ரெண்டு பக்கமும் பூஜ்யம் வரணும்.

காத்துல ஏற்கெனவே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாப் போட்டா சரி, அதுக்காகக் காசு கொடுக்க வேண்டாம். வழியில குறைஞ்சா சாதாரணக் காத்தையே சேர்க்கலாம். அளவு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும், ஆள் நிறைஞ்ச வண்டிக்கு வேற எண் இருந்தா சென்னைப் பயணத்துக்கு அதுதான். டயர் சுவரில் எழுதியிருக்கிறது உச்ச வரம்பு, அதை நிரப்பாதீங்க. காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி அளக்கணும். 33 பிஎஸ்ஐ வச்சு கிளம்பினா உளுந்தூர்பேட்டை போறதுக்குள்ள வெயில்ல 37, 38 காட்டலாம். அது சூட்டினால ஏறினது, அப்படியே விடுங்க. அங்க காத்தை இறக்கினா ஆறினதும் குறைஞ்சு நிக்கும், சுவர் அதிகமா மடங்கிச் சூடாகும். நெடுஞ்சாலையில டயர் வெடிக்கிறதுக்கு மிகை காத்தைவிடக் குறைகாத்து பெரிய காரணம்.

உறையூர்வாசி:
இன்னைக்குப் பார்த்தாச்சு. இடது லோயர் ஆர்ம் பின் புஷ் கிழிஞ்சிருக்கு, டை ராட் எண்ட்டில் ஆட்டம் இல்ல. ஆர்ம் மாத்தி, நாலு டயரும் போடச் சொல்லிட்டேன். வால்வும் மாத்தணும்னு சொல்றாங்க, பழசு கசியலையே?

டயர்மணி:
மாத்துங்க. ரப்பர் வால்வுக்கும் டயர் வயசுதான், சில்லறைக் காசு. டயர் கழட்டாம அதை மாத்த முடியாது, இப்ப விட்டா வழியில அடிப்பாகம் வெடிச்சுக் கசியும்போது திரும்ப முழு வேலை. ரிம்மில் ஏத்தும்போது டயர் பேஸ்ட் அல்லது சோப்புத் தண்ணி மட்டும், டீசலோ எண்ணெயோ தடவ விடாதீங்க, ரப்பரை அரிக்கும். விளிம்பு உட்காரக் காத்து அடிக்கும்போது 40 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது. உட்கார்ந்த பிறகு ரிம்முக்கும் டயர் கோட்டுக்கும் இடைவெளி சுத்திலும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க. அம்புக்குறி இருந்தா முன்னே உருளும் திசை, "வெளிப்பக்கம்"னு எழுதியிருந்தா அது வெளியே தெரியணும்.

நட்டை ஏர் கன்னால முடிக்காம, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சால (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பேனர்) செய்யச் சொல்லுங்க. முதல் 200, 300 கி.மீ. மேல்பூச்சு தேயிற வரைக்கும் பிடி குறைவா இருக்கும், திடீர் பிரேக், வேகத் திருப்பம் வேண்டாம். அதனால சென்னைக்குக் கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வேலையை முடிங்க.

சேலம்_சஸ்பென்ஷன்:
ஆர்ம் போல்ட்டுகளை வண்டி தன் சக்கரத்துல நிக்கிற நிலையில கடைசியா இறுக்கச் சொல்லுங்க அண்ணா. தொங்கும்போது இறுக்கினா புஷ் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். பிரின்ட்டில் முன் டோ இடது, வலது ரெண்டும் சமமா, கையேட்டு வரம்புக்குள்ள, ஸ்டீயரிங் நேரா இருக்கும்போது எடுத்ததா இருக்கணும். 100 கி.மீ. ஓடினதும் வீல் நட்டை டார்க் ரெஞ்சால ஒரு தடவை பாருங்க, அலாய் வீலில் உட்கார்ந்து தளரும். அப்புறம் 8,000 கி.மீ.ல டயர்களை முன்பின் இடம் மாத்திப் போடும்போது கையைத் தேய்ச்சுப் பாருங்க. தட்டினா உடனே எழுதுங்க.